மீனுவுக்கும் ரெனிக்கும் பொருத்தம் பார்த்த கதை

மூன்று ஜாதகக் குறிப்புகளைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு பொன்னம்மை ஜோசியர் நாகேஸ்வரன் வீட்டுப் படியேறியதைக் கரமனையில் பாதித் தெரு பார்த்தது. மூன்றுமே பெண் ஜாதகம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மீதித் தெருவும் கூடவே ஏறியிருக்கும்.

வினீத்துக்காகத்தான் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நினைத்ததில் தப்பில்லை. டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிற பையன், முன்நெற்றி மேலே ஏறத் தொடங்கிவிட்டது. இனியும் தாமதித்தால் போட்டோவில் தொப்பி வைக்க வேண்டியிருக்கும். ஆனால் பொன்னம்மையின் கவலை மகனைப் பற்றியதல்ல, மகளைப் பற்றியது. அதுவும் கல்யாணக் கவலை அல்ல.

மகள் மீனு பாட்மிண்டன் விளையாடுகிறாள். சாயங்காலம் முற்றத்தில் தட்டுகிற விளையாட்டு அல்ல, அதுதான் அவளுக்கு ஜோலி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஓர் ஆபீசில் பெயர் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, நாற்காலியில் மீனு இருப்பதுதான் குறைவு. ஒரு மாதம் கட்டாக்கில் இருப்பாள், அடுத்த மாதம் ஹனோயில். பெண்கள் இரட்டையர் ஆட்டம். இரட்டையர் என்றால் இன்னொருத்தி வேண்டுமே, அவள்தான் ரெனி. விழிஞ்ஞத்துப் பெண். அப்பன் கடலில், அம்மா நேசமணி மீன்சந்தையில். ஜூனியர் காலத்தில் மற்றவர்களெல்லாம் ஜோடி சேர்ந்துவிட்ட பிறகு மிச்சம் நின்ற இருவரையும் பயிற்சியாளர் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டார். அப்படியே நின்றுவிட்டார்கள்.

மீனு வலையோரம் நின்று ஆட்டத்தைக் கட்டுவாள். ரெனி பின்னால் நின்று சாடி அடிப்பாள். பழவங்காடியில் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய் விற்பவர் மீனுவின் அப்பா சிவதாணு. அவருக்கு ஆட்டத்தில் ஒரு கணக்கும் பிடிபடாது. "ரெனி அடிச்சா சிதறுதேங்கா மாதிரியாக்கும்" என்பார். தேங்காய்க்காரரிடமிருந்து அதற்குமேல் ஒரு சர்ட்டிபிகேட் கிடைக்காது.

காலைப் பயிற்சி முடிந்தால் ரெனிக்குச் சாப்பாடு பொன்னம்மை வீட்டில்தான். அவளுக்கென்று தனியாக ஒரு தட்டு இருக்கிறது என்று ஒருகாலத்தில் தெருவில் கிசுகிசுத்தார்கள். பொன்னம்மை அந்தத் தட்டை வாசலுக்கே எடுத்து வந்து காட்டினாள். கல்யாணச் சீர் வைக்கிற தாம்பாளம் அளவுக்கு இருந்தது. "அவ திங்கயதுக்கு வேற எந்தத் தட்டுல விளம்பட்டும், நீங்க சொல்லுங்க" என்று கேட்டாள். கேட்டவர்கள் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

இந்த ஜோடிக்குத்தான் இந்த வருஷம் கிரகம் சரியில்லை. போகிற இடமெல்லாம் முதல் சுற்று, மிஞ்சினால் இரண்டாம் சுற்று. ஐப்பசித் துலாமழை தொடங்கிய வாரம், தேசிய கேம்பிலிருந்து கிருஷ்ணகுமார் ஸார் மீனுவைக் கூப்பிட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் தீயலும் பப்படமும் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தவள் பப்படத்தை நொறுக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"ரேஷ்மிகூடக் களிக்கச் சொல்லுகாரு."

"எந்த ரேஷ்மி? ஹைதராபாத்துக்காரியா? அந்த ஒட்டகச்சிவிங்கியா?"

"ஆமா. இப்பம் அவகூடக் களிக்க சுமி சரியில்லையாம். நான் முன்னால, அவ பின்னால. கேம்பு ஹைதராபாத்துல. இஞ்ச நடக்க டோர்ணமெண்ட் முடிஞ்ச உடனே பதில் சொல்லணுமாம்."

"ரெனி?"

"ரெனிக்கு வேற ஆளு பாப்பாங்களாம்."

பொன்னம்மை கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல்ல."

"ரெனி அறிவாளா?"

"அவகிட்டத்தான் மொதல்ல சொன்னேன். போன்னு சொன்னா. பொறவு ரெண்டு நாளா மிண்டல்ல. கோர்ட்டுல மட்டும் 'விடு, எடு'ன்னு ரெண்டு வார்த்தை."

"உனக்குப் போணுமா வேண்டாமா?"

"தெரியல்லம்மா. கொஞ்சம் தீயல் ஊத்து."

இதுதான் மீனு. வலையோரம் மின்னல், வீட்டில் மண்சட்டி. முடிவு என்று ஒன்று இருந்தால் அதை எடுக்க வேண்டியது தான்தான் என்று பொன்னம்மைக்குத் தோன்றிவிட்டது. யோசித்துப் பார்த்தால் நியாயமான காரியம்தான். பின்னால் நிற்பவள் உயரமாக இருந்தால் ரேங்க் ஏறும். ரேங்க் ஏறினால் பெரிய போட்டிகள். இதெல்லாம் முழங்கால் முட்டு தாங்குகிற காலம் வரைக்கும்தான். ஆனால் புது ஆளோடு சேர்ந்து போகுமா? சேராமல் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஒரு பெண்ணை இன்னொரு இடத்தோடு காலாகாலத்துக்கும் சேர்த்துவைக்கிற காரியத்தில் நம்மவர்கள் முதலில் செய்வது என்ன? பொன்னம்மையும் அதைத்தான் செய்தாள்.

ரேஷ்மியின் அம்மாவிடம் பிறந்த நேரம் கேட்டதும் வாட்ஸப்பில் நிமிஷத்தோடு வந்துவிட்டது. அவளும் அங்கே பார்க்கத்தான் செய்வாள் போலிருக்கிறது. நேசமணியிடம் கேட்பதுதான் சங்கடம். போன் அடித்தபோது நேசமணி சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நேசமணி, ரெனி பொறந்த நேரம் அறியுமா ஒனக்கு?"

கத்தி நின்ற சத்தம் போனில் கேட்டது. "நேரமா? எந்தினாக்கும் அக்கா?"

"சும்மாதான். தேதி எங்கிட்ட உண்டு."

"நேரம்... வள்ளம் கரைக்கு வாற நேரமாக்கும். அவளுக்க அப்பன் சாளை கொண்டு வந்து எறக்கும்போ இவ வெளிய வந்தாச்சு."

"அது எத்தன மணி?"

"அன்னைக்கு நல்ல சாளை. மீன் கூடுதல் கெடைச்சா வள்ளம் பையத்தான் வரும். ஒரு ஏழு, ஏழரை."

"ஏழா, ஏழரையா? கறாராச் சொல்லு."

"ஏழேகாலுன்னு வச்சுக்க. அல்ல, எந்தினுன்னு சொல்லக்கா."

"பொறவு சொல்லுதேன். இப்பம் ஆருட்டயும் சொல்லாண்டாம்."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று விழிஞ்ஞம் சந்தையில் நிற்கிறவளிடம் சொல்வதும், மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான். அதைவிடப் பெரிய தப்பு வேறு. கல்யாண வயதில் பையனை வைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தி, ஒரு பெண்ணின் பிறந்த நேரத்தைக் கேட்கிறாள். கேட்டுவிட்டு ரகசியமாக இருக்கட்டும் என்கிறாள். இதற்கு உலகத்தில் ஓர் அர்த்தம்தான் உண்டு. பொன்னம்மைக்கு அது தோன்றவே இல்லை. அவள் தலைக்குள் அன்று முழுக்க ஷட்டில்தான் பறந்துகொண்டிருந்தது.

நாகேஸ்வரன் பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜோசியம் இப்போது கம்ப்யூட்டரில்தான். பெயர்களைத் தட்டச்சு செய்துகொண்டே வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொன்னம்மை, மூணும் ஸ்த்ரீ ஜாதகமான்னா இருக்கு? பையன் ஜாதகம் எங்கே?"

"பையன் இல்ல சாமி. இதுல ரெண்டு சேர்ந்தாத்தான் ஜோடி."

அடுக்களையில் சீதாலக்ஷ்மி மாமி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றுகிற சத்தம் சட்டென்று நின்றது. இந்தக் கதை தெருவுக்கு வந்தது அந்த வழியாகத்தான்.

"ஜோடின்னா?"

"ஷட்டில் ஜோடி. டபிள்ஸ்."

"அட, அதைச் சொல்லப்படாதோ! ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சடைச்சுடுத்து. இதுக்கெல்லாம் பொருத்தம் பார்க்க சாஸ்திரத்துல இடமில்லையே."

"கடைக்குக் கூட்டுச் சேர்றதுக்குப் பாப்பீங்கல்லா, அது மாதிரி பாருங்க."

அவர் பார்த்தார். மீனுவுக்கும் ரெனிக்கும் ராசி ஒத்துவரவில்லை, கணம் ஒத்துவரவில்லை, ஒத்துவருகிற ஒன்றிரண்டும் முக்கியமில்லாதவை. மீனுவுக்கும் ரேஷ்மிக்குமோ உத்தமம். "கண்ணை மூடிண்டு முகூர்த்தம் வைக்கலாம்" என்றார், பழக்க தோஷத்தில்.

"ஆனா ஒண்ணு. இந்த விழிஞ்ஞத்துக் குழந்தையோட நேரம் சரிதானா? கால் மணி தள்ளிப்போனா லக்னமே மாறும்."

"வள்ளம் வந்த நேரம் சாமி. சாளை கூடுதலா கெடைச்ச அன்னைக்கு."

"வள்ளம் வந்த நேரத்துக்கு நான் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்க்கறது?" என்றார் நாகேஸ்வரன். ஆனாலும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பொன்னம்மை கிருஷ்ணகுமாரை அழைத்தாள். "எங்களுக்கு சம்மதம்தான் ஸார்." மீனுவுக்கும் சம்மதமா என்று அவர் கேட்டார். "அவ கொச்சுப் பிள்ளையல்லியா ஸார், நாங்க பேசிக்கிடுதோம்" என்றாள். பெண்ணைப் பெற்றவர்கள் தாம்பூலம் மாற்றுகிற வேகத்தில் காரியம் முடிந்தது. அந்தக் கொச்சு அந்நேரம் வலையோரம் நின்று, முகத்துக்கு நேரே வந்த ஷட்டிலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தது.

டோர்ணமெண்ட் நம் ஊரில்தான். அகில இந்திய ரேங்கிங் போட்டி, பாளையத்தில் உள்ளரங்கம். மீனுவும் ரெனியும் மிண்டாமலே இரண்டு சுற்று ஜெயித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலிறுதி. எதிர்ப்பக்கம் யார் என்று பார்த்தால், ரேஷ்மியும் சுமியும். சம்பந்தம் பேசின இடத்தோடேயே சண்டை.

அன்று காலை ஒரே மழை. ஜெர்சி உலராது. ஹாலில் குறுக்கே கொடி கட்டி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, பொன்னம்மை மஞ்சள் ஜெர்சிகளைத் தொங்கவிட்டிருந்தாள். மீனுவுடையது, ரெனியுடையது எல்லாம் ஒன்றாகவே துவைத்தாகும். காலுறைகள் பிரிட்ஜுக்குப் பின்னால் சூட்டில் கிடந்தன. பெண்கள் இருவரும் காலைப் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். சிவதாணு ஈர ஜெர்சிக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது காலிங்பெல் அடித்தது.

வாசலில் நேசமணி. வெள்ளிக்கிழமைகளில் மீன்கூடையோடு வருகிற நேசமணி அல்ல. பட்டுப்புடவை, தலையில் பூ. பின்னால் அவளுடைய அக்கா புருஷன் சத்தியதாஸ், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, பள்ளி என்று அவர்கள் சொல்கிற சர்ச்சின் கமிட்டியில் செக்ரட்டரி. அவர் கையில் கேக் பெட்டி. அவள் கையில் ஐஸ் போட்டுப் பொதிந்த ஒரு முழு விளமீன்.

"வா நேசமணி" என்றார் சிவதாணு. "மேட்சு ரெண்டு மணிக்கில்லியா?"

"மேட்சு அங்க நிக்கட்டும் அண்ணா. மொதல்ல வீட்டுக் காரியம்."

சத்தியதாஸ் உட்கார்ந்து, தலைக்குமேல் சொட்டிய ஜெர்சியை ஒதுக்கிவிட்டு, வீட்டை மேலும் கீழும் பார்த்தார். "வீடு சொந்தமாக்கும்?"

"ஆமா."

"லோண் உண்டா?"

"இல்ல."

"மகனுக்க ஜோலி ஸ்திரமாயிட்டுள்ளதா?"

இன்ஷூரன்ஸ்காரர் என்று சிவதாணு முடிவுகட்டினார். "பாலிஸி எல்லாம் நம்ம மச்சினன் வழியாட்டு எடுத்தாச்சு கேட்டேளா" என்று நயமாகத் தவிர்த்துப் பார்த்தார். இந்த நேரத்தில்தானா வினீத் வரவேண்டும்? கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய் நிறையப் பேஸ்ட் நுரையோடு வந்து நின்றான்.

"இதாக்கும் பையன்" என்றாள் நேசமணி.

சத்தியதாஸ் அவனை நெற்றியிலிருந்து கால்வரை பார்த்தார். நெற்றியில் சற்று நேரம் அதிகமாக நின்றார். "கொள்ளாம்" என்றார். "தல ஒண்ணும் ஒரு பிரச்சினை இல்ல."

வினீத்துக்கு நுரையை விழுங்க வேண்டியதாயிற்று.

உளுந்து அரைத்த கையோடு பொன்னம்மை அடுக்களையிலிருந்து வந்தாள். நேசமணி எழுந்து போய் அந்த மாவுக்கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நேரம் கேட்டப்பளே எனக்கு மனசிலாயி. மூணு நாளு ஒறக்கமில்ல. நீங்க இப்படி ஒரு மனசு வச்சிருப்பீங்கன்னு நான் நெனச்சில்ல. எங்க பக்கத்துல ஆருக்கும் எதிர்ப்பில்ல. கல்யாணம் பள்ளியில நடக்கணும்னு இவரு ஒரு சொல்லு சொல்லுறாரு, அவ்வளவுதான். பொறவு உங்க முறைக்கும் ஒரு தாலி கட்டிக்கிடலாம். ஒரு தாலிக்கு ரெண்டு தாலி, எந்தரு நஷ்டம்?"

பேப்பர் சிவதாணுவின் மடியிலிருந்து நழுவியது. பொன்னம்மைக்கு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விளங்கியது. சொல்வதற்கு இரண்டே வழி. ஆமாம், வினீத்துக்குத்தான் என்று சொல்வது ஒன்று. நான் கேட்டது உன் மகளை வெட்டிவிடத்தான் என்பது இன்னொன்று. ஒரு கணம், வினீத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டால்தான் என்ன என்றே நினைத்துவிட்டாள். பையன் எப்படியும் யாரையாவது கட்டத்தானே போகிறான்.

"நேசமணி, நான் கேட்டது வினீதுக்கு இல்ல."

"பின்ன ஆருக்கு?"

"மீனுவுக்கு."

சத்தியதாஸ் கேக் பெட்டியை மெல்லத் தன் பக்கம் நகர்த்தினார்.

பொன்னம்மை சொன்னாள். தொடங்கியதைத் தொடங்கிய இடத்திலிருந்து, ஹைதராபாத், ரேஷ்மி, ஜோசியர், ஒத்துவராத கணம், எல்லாம். சொல்லச் சொல்ல நேசமணி பிடித்திருந்த கையை விட்டாள். விட்ட கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைக்கவும் மறந்து நின்றாள்.

"கல்யாணம் வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் சிரிச்சிட்டுப் போயிருப்பேன் அக்கா. எனக்க மண்டைப் பிசகுன்னு நெனச்சிருப்பேன். இது... பிள்ளேளைப் பிரிக்கயதுக்கா எனக்க பிள்ளைக்க நேரம் கேட்டது?"

"பிரிக்கயதுக்கு இல்லடீ. சேருமான்னு பாக்கயதுக்கு."

"பாவாடை கட்டின காலத்துலேந்து சேந்து களிக்கதைக் கண்ணால பாத்தாச்சு. இன்னி கட்டம் போட்டு வேற பாக்கணுமா?"

"ஆரு ஆரைப் பிரிக்கா?" என்று வாசலில் குரல் கேட்டது. தோளில் பைகளோடு மீனு, பின்னால் ரெனி. மழையில் நனைந்து, காலணியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வினீத்தான் சொன்னான். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, முறைப்படி, தனக்குக் கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனதை இரண்டே வரியில் சொன்னான். ரெனி தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரித்துச் சிரித்து.

"வினீதண்ணனா? நானா? தள்ளே! அண்ணன் ஒரு சர்வீஸ் போட்டா நெட்டுக்கு இப்புறமே விழும். அம்மைக்கு எந்தராயி?"

"நானா கேட்டேன்?" என்றான் வினீத், உண்மையிலேயே கொஞ்சம் மனம் புண்பட்டு.

மீனு சிரிக்கவில்லை. "கிருஷ்ணகுமார் ஸார் காலையில மெசேஜ் போட்டிருந்தாரு. வீட்டுல சம்மதிச்சதுல ரொம்ப சந்தோஷம்னு. அப்பாதான் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். நீயாம்மா?"

பொன்னம்மை உலர்ந்த மாவைக் கையிலிருந்து உரித்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டேனே. நீ தீயல் ஊத்துன்னு சொன்ன."

ரெனி மறுபடி சிரிக்கத் தொடங்கி, மீனுவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"செரி" என்றாள் மீனு. "மேட்ச் கழிஞ்ச உடனே ஸார் வந்து கேப்பாரு. நான் வாயத் தொறக்கமாட்டேன். சம்மதம் சொன்னது நீயில்லியா? மிச்சமும் நீயே சொல்லு." கொடியிலிருந்து ஒரு ஜெர்சியை உருவி முகர்ந்து பார்த்தாள். "இன்னும் ஈரம். ரெனீ, பசிக்குது, வா."

விளமீன் பிரிட்ஜுக்குப் போயிற்று. கேக் சத்தியதாஸோடு திரும்பிப் போயிற்று. பெண்கள் தயிர்சாதம் சாப்பிட்டார்கள், ஒருவருக்கொருவர் மிண்டாமல்தான். ஆனால் ரெனி கேட்காமலே மீனு ஊறுகாயை நகர்த்தியதைப் பொன்னம்மை பார்த்தாள். நேசமணி பச்சைத்தண்ணீர்கூடத் தொடவில்லை. காரில் இடமிருக்கிறது என்று சிவதாணு கெஞ்சியும் பஸ்ஸில்தான் போவேன் என்று மழையில் இறங்கிவிட்டாள், பட்டுப்புடவையோடு.

அரங்கத்தில் நேசமணி இந்தப் பக்கம் ஒரு மூலை, பொன்னம்மை அந்தப் பக்கம் ஒரு மூலை. நடுவில் காலி நாற்காலிகள். நேசமணி மேட்ச் பார்க்க வருவதே அபூர்வம். சந்தை நாளும் மேட்ச் நாளும் ஒன்றாகத்தான் வரும். யாருக்குப் பாயிண்ட் என்பதைச் சுற்றியிருப்பவர்களின் கைதட்டலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பொன்னம்மை அப்படியா? அவள் பார்த்தது ரேஷ்மியை. பொருத்தம் பார்த்தாயிற்று, பெண்ணை இப்போதுதான் பார்க்கிறாள்.

அடி பிரமாதம். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதல் கேமை ரேஷ்மி அடித்தே வாங்கினாள். ஆனால் ஒரு பாயிண்ட் போனால் இடுப்பில் கைவைத்து சுமியைத் திரும்பிப் பார்த்தாள். தான் வெளியே அடித்துப் போனாலும் சுமியைத்தான் பார்த்தாள். சுமி ஒவ்வொரு முறையும் 'ஸாரி' என்றாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்த காகிதத்தில் இது எந்தக் கட்டத்தில் இருந்தது என்று பொன்னம்மைக்கு யோசனை வந்தது.

இரண்டாவது கேம் மீனுவுக்கும் ரெனிக்கும். மூன்றாவதில் பதினாறுக்குப் பதினாறு. அப்போது ரெனி அடித்த ஒன்று மூலையில் விழுந்தது. கோட்டு நடுவர் இரு கையையும் விரித்தார்: அவுட்.

"இன்னு!" என்று எழுந்தாள் பொன்னம்மை. "கண்ணு என்ன பொறகிலயா இருக்கு? கோட்டுலல்லியா விழுந்தது!"

அதே நொடியில் எதிர்மூலையில் நேசமணி எழுந்துவிட்டாள். அவளுக்கு ஷட்டில் எங்கே விழுந்தது என்றே தெரியாது. ஆனால் பொன்னம்மை எழுந்தால் அநியாயம் நடந்திருக்கிறது என்று தெரியும். மீன் ஏலத்தில் தரகனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தைகளில் மிதமான இரண்டை எடுத்துக் கோட்டு நடுவரின் மேல் போட்டாள். குரல் ஏலக்குரல். நான்கு கோர்ட்டுகளிலும் ஆட்டம் நின்றது. உண்மையைச் சொன்னால் அது அவுட்தான், ஒரு சாண் அவுட். சொல்லி யாருக்கு என்ன?

பாட்ஜ் போட்ட பெண்ணொருத்தி வந்து இரண்டு அம்மாக்களையும் பணிவாக வெளியே அழைத்துப்போய், கதவைச் சாத்தி, கதவுக்கு முன்னால் தானே நின்றுகொண்டாள்.

நடைபாதையில் மழைச்சாரல். இருவரும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். உள்ளே 'டப்', 'டிக்' என்று சத்தம். நேசமணி கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "இப்பம் எந்தராவுது?"

பொன்னம்மை காதைக் கதவில் வைத்தாள். இத்தனை வருஷம் பயிற்சிக் கூடத்து வாசலில் அரிசி பொறுக்கிக்கொண்டும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டும் கேட்ட சத்தம்.

"இது ரேஷ்மி அடி... மீனு எடுத்தா... இது நம்ம ரெனி. சிதறுதேங்கா."

"கேட்டுது, கேட்டுது" என்றாள் நேசமணி. இரண்டடி இந்தப்பக்கம் வந்தாள்.

'டங்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ. ஸ்ட்ரிங் போச்சு."

"ஆருக்க?"

"மீனுக்க. பேட்டு கம்பி அறுந்து போச்சுடீ. ஆட்டம் நிக்காது. இப்பம் பையப் பாத்து ஓடுகா, வேற பேட்டு எடுக்க."

"பின்ன உள்ள களிக்கது ஆரு?"

"ரெனி. ஒத்தைக்கு."

உள்ளே ஒரு ஜோடிக் காலணிதான் கீச்சிட்டது. முன்னால், பின்னால், மறுபடி மூலைக்கு. எதிரே இரண்டு பேர் மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் பதிலாக ஒரு நீளமான மெல்லிய சத்தம். "பொக்கிப் போடுகா" என்று கிசுகிசுத்தாள் பொன்னம்மை. "மேல, மேல பொக்கிப் போடுகா. அது கீழ வாற நேரத்துக்குள்ள இவ வந்து சேரணும்." நேசமணி சிலுவை போட்டுக்கொண்டாள். பொன்னம்மை பிள்ளையாரைக் கூப்பிட்டாள். பாட்ஜ் பெண்ணும் தன்னையறியாமல் கதவில் காது வைத்துவிட்டாள்.

'டிக்.'

"வந்துட்டா! நெட்டுக்கு வந்துட்டா! இது மீனு!"

உள்ளே அலறல். "போச்சு" என்று நேசமணி தலையில் கைவைத்தாள். "இல்லடீ, அது அடுத்த கோர்ட்டு" என்றாள் பொன்னம்மை. அதுவும் தப்பு, அலறியது சிவதாணு. பிறகு சிறிது நேரம் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. டப், டிக், கைதட்டல், அமைதி, மறுபடி டப். பொன்னம்மை கண்ணை மூடிக்கொண்டு, நேசமணியின் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று இருவருக்கும் தெரியாது.

"நேசமணி."

"சொல்லு."

"எனக்கு அறிவு கெட்டுப்போச்சு."

"அது நான் காலையிலேயே அறிஞ்சாச்சு. நீ காத வை."

கதவு திறந்தது. முதலில் வந்தது சண்டை.

"அது ஒனக்க ஷட்டிலு."

"நடுவுல வந்தா எனக்கா? நீ கைய நீட்டினா நான் எதுக்குச் சாடணும்?"

"நான் 'விடு'ன்னு சொன்னேன்!"

"ஜெயிச்ச பொறவு சொன்ன!"

இத்தனை நாள் மிண்டாததையெல்லாம் சேர்த்துவைத்துப் பேசுகிற மாதிரி மீனுவும் ரெனியும் கத்திக்கொண்டு வந்தார்கள். வியர்வை வழிந்த முகத்தில் இருவருக்கும் பல்லெல்லாம் வெளியே. மூன்றாவது கேம் இருபத்திரண்டுக்கு இருபது. நாளை அரையிறுதி. பின்னாலேயே கிருஷ்ணகுமார் வந்தார். கையில் போன், முகத்தில் கல்யாணத் தரகரின் புன்னகை.

"அருமையான மேட்ச். ரேஷ்மியும் பாத்தீங்கல்ல, என்ன அடி! அப்ப ஹைதராபாத் காரியம்... நாளைக்கே பேரைக் குடுத்துடலாமா?"

மீனு பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். குடித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். ரெனி குனிந்து, அவிழாத காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். ஜெயித்த சிரிப்பு அவள் முகத்திலிருந்து போய்விட்டிருந்தது.

பொன்னம்மை புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"நல்ல எடம்தான் ஸார். குத்தம் சொல்லுகதுக்கு ஒண்ணும் இல்ல. எங்களுக்கு வாயும் இல்ல, சம்மதம்னு சொன்னவ நான்தான். ஆனா ஸார், எங்க பொண்ண நாங்க எப்பமோ விழிஞ்ஞத்துல குடுத்தாச்சு. குடுத்த பொண்ண எடுத்து வேற எடத்துல குடுக்கயது எங்கள்ல வழக்கமில்ல."

கிருஷ்ணகுமார் பாலக்காட்டுக்காரர். யாருக்குக் கல்யாணம், எப்போது நடந்தது என்று அவர் மீனுவையும் பார்த்தார், பாட்ஜ் பெண்ணையும் பார்த்தார். மீனு தண்ணீரைப் புரையேற்றிக்கொண்டாள். ரெனி கயிற்றைக் கட்டிக்கொண்டே அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி கொடுத்தாள், சிதறுதேங்காய்தான்.

"நில்லு, நில்லு" என்றாள் நேசமணி. நனைந்து சுருங்கிய பட்டுப்புடவையை நீவிவிட்டு நிமிர்ந்து நின்றாள். "குடுத்தாச்சுன்னு நீ சொன்னாப் போருமா? எடுத்துக்கிடுறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியாக்கா?"

"இப்பம் கேக்கேன் நேசமணி. எங்க பிள்ளைய எடுத்துக்கிடுவியா?"

நேசமணி மீனுவை மேலும் கீழும் பார்த்தாள், காலையில் சத்தியதாஸ் வினீத்தைப் பார்த்த அதே பார்வை.

"வீட்டுல ஆலோசிச்சிட்டுச் சொல்லுறேன்" என்றாள்.